துரை பங்களாவில் தகடு செருகி ஓடிய சலவை இயந்திரம்: யாருக்காவது நினைவிருக்கிறதா?

#1 ஆறாம் லயம்

வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். 2007-இல் ஊரின் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. என் உடன்பிறந்தவர்கள் நாற்பது ஆண்டுகளாக என்னைப் பொய்யன் என்று சொல்லிச் சிரித்துவரும் ஒரு விஷயத்தை இங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுத் தெளியலாம் என்று வந்திருக்கிறேன்.

1974 வாக்கில் அம்மா தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் துணி வேலை பார்த்தார். பள்ளி விடுமுறை நாள்களில் என்னையும் உடன் அழைத்துப் போவார். பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பின்கட்டில்தான் வெள்ளை நிறத்தில், என் மார்பு உயரத்துக்கு ஓர் இயந்திரம் நின்றது. அம்மா துணிகளைப் போட்டு, தூள் கொட்டி, மூடியை அடைத்துவிட்டு, சுவரில் ஆணியில் கயிறு கோத்து மாட்டியிருந்த ஒரு தகட்டை எடுப்பார். அது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய நெகிழித் தகடு. அதன் விளிம்புகளில் சாவியின் பல்லைப் போலப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அதை இயந்திரத்தின் மேற்பக்கத்தில் இருந்த ஒரு வாயில் செருகுவார். உடனே தண்ணீர் விழும் ஓசை கேட்கும். அதன்பிறகு அம்மா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். இஸ்திரி போடப் போய்விடுவார்.

அது தண்ணீரைத் தானே எடுத்து, தானே துவைத்து, தானே அலசி, தானே பிழிந்து, கடைசியில் தானே அடங்கும். மாலையில் ஓடினால் சிறிது நேரத்தில் பங்களா விளக்குகள் மங்கலாகும். ஒரு முறை அதிலிருந்து எடுத்த என் பள்ளிச் சட்டையை அம்மா அங்கேயே எனக்கு மாட்டிவிட்டதும், அது உடம்பில் இளஞ்சூடாக இருந்ததும் நன்றாக நினைவிருக்கிறது. இதைச் சொன்னால், "அந்தக் காலத்தில் ஏது தகடு செருகும் மெஷின், அது நீ பிற்பாடு பார்த்த வங்கி அட்டையாக இருக்கும்" என்கிறார் என் அண்ணன். அப்படியோர் இயந்திரம் இருந்ததா, இல்லையா?

#2 கிராணி வீட்டுப் பிள்ளை

உங்கள் அண்ணன் பக்கம்தான் நான் நிற்கிறேன், மன்னிக்க வேண்டும். எங்கள் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தார். அந்த வட்டாரத்திலேயே முதலில் சலவை இயந்திரம் வாங்கியது நாங்கள்தான் என்று அம்மா இன்றுவரை பெருமை பேசுவார், அதுவே 1981-இல்தான். நேஷனல் இரட்டைத் தொட்டி. இடப்பக்கத் தொட்டியில் துவைக்க வேண்டும்; சொட்டச் சொட்டத் துணியை அள்ளி வலப்பக்கச் சிறு தொட்டியில் திணித்துப் பிழிய வேண்டும். திருகு குமிழ் டிக் டிக்கென்று திரும்பி வந்து மணி அடித்து நிற்கும். அவ்வளவுதான் அதன் "தானியங்கித்தனம்". தண்ணீரைக்கூட நாங்களே இரப்பர்க் குழாயைப் பிடித்து நிரப்பி, அளவு பார்த்து, குழாயை மூட வேண்டும்.

துணியைச் சமமாக வைக்காமல் பிழியவிட்டால் அந்தப் பெட்டி சிமெண்டுத் தரையில் நடக்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் குளியலறை வாசல்வரை வந்துவிட்டது. அதற்காகவே அப்பா அதன் காலடியில் இரண்டு செங்கற்களை வைத்திருந்தார். அவை போதாதபோது என் தங்கையைத் தூக்கி மேலே உட்கார வைப்போம். 1981-இல் கிராணி வீட்டு நிலைமையே இப்படி இருக்க, 1974-இல் தகட்டைச் செருகிவிட்டு இஸ்திரி போடப் போனார்கள் என்பதை நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது.

#3 வயர்மேன்

ஆறாம் லயம் தம்பி, நீங்கள் பொய்யன் அல்ல. உங்கள் அண்ணனிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

நான் இந்த வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகள் வயர்மேனாக இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகும் சலவை இயந்திரங்களைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பதை விடவில்லை. நீங்கள் சொல்வது ஹூவர் நிறுவனத்தின் கீமேட்டிக் என்னும் இயந்திரம். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் சலவை இயந்திரத் தொழிற்சாலை வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் என்னும் ஊரில் 1948-இல் திறக்கப்பட்டது. குமிழைத் திருகி ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பது இல்லத்தரசிகளைக் குழப்புகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, குமிழுக்குப் பதிலாகப் பள்ளம் வெட்டிய தகட்டைக் கொடுத்துவிட்டார்கள். தகட்டுக்கு நான்கு விளிம்புகள், இரண்டு முகங்கள். ஆக, எட்டு விதமாகச் செருகலாம், எட்டு விதமாகத் துவைக்கலாம். எந்த விளிம்பு உள்ளே போகிறதோ அதிலுள்ள பள்ளமும் மேடும் உள்ளிருக்கும் விசைகளில் எவற்றை அழுத்துவது, எவற்றை விடுவது என்று முடிவு செய்யும். துளை அட்டை வைத்து நெசவுத்தறியை ஓட்டினார்களே, அந்த யோசனையின் தூரத்துச் சொந்தம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

தகட்டை விட்டுத்தள்ளினாலும், விளக்கு மங்கியது என்று சொன்னீர்களே, அது ஒன்றே எனக்குப் போதும். பிரிட்டிஷ் இயந்திரங்கள் தண்ணீரைத் தாமே சூடாக்கும். உள்ளே பெரிய ஹீட்டர் உண்டு. அது ஏறியதும் தோட்டத்து ஜெனரேட்டர் முனகும், விளக்கு மங்கும். பிற்பாடு நம் வீடுகளுக்கு வந்த ஜப்பானிய இயந்திரங்கள் பச்சைத் தண்ணீரில் துவைப்பவை. அவற்றிலிருந்து இளஞ்சூடான சட்டை வரவே வராது. இன்னொன்று: அப்போது அங்கும் இங்கும் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இலண்டனில் ஓடியதைக் கப்பலில் ஏற்றி வந்து, பிளக்கை மட்டும் பார்த்து, இங்கே அப்படியே ஓட்டலாம். அமெரிக்க இயந்திரத்தை யாராவது கொண்டுவந்திருந்தால் அந்தப் பாச்சா பலித்திருக்காது.

கிராணி வீட்டுப் பிள்ளை சொன்னதிலும் தவறில்லை. இயந்திரம் நடப்பது எல்லா நாட்டிலும் இருந்த தொல்லை. 1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் என்னும் முதல் வீட்டுத் தானியங்கி வந்தபோது அதற்கு ஸ்பிரிங் தாங்கல் கிடையாது. தரையில் போல்ட் போட்டு இறுக்கித்தான் ஓட்டினார்கள். உங்கள் தங்கை அந்தக் காலத்துப் போல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#4 பெஸ்தாரி பையன்

ஐயா, ஒரு சந்தேகம். உள்ளே கணினிச் சில்லு ஏதும் இல்லாமல், தண்ணீர் நிறைந்துவிட்டது என்பது அதற்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டு இயந்திரத்தில் சில்லு பழுதானதும் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது.

#5 வயர்மேன்

நல்ல கேள்வி, தம்பி. ஒரு குவளையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள்; உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கையை மேலே தள்ளும். பழைய தானியங்கிகளில் பொதுவாகக் காணப்படும் ஏற்பாடு இதுதான். தொட்டியின் அடியிலிருந்து ஒரு சிறு குழாய் மேலே போகும். தண்ணீர் ஏற ஏற அந்தக் குழாய்க்குள் அகப்பட்ட காற்று நெருங்கி, மேல் முனையிலுள்ள இரப்பர்ச் சவ்வை உப்ப வைக்கும். சவ்வு உப்பியதும் ஒரு விசை "டக்" என்று மாறும். வால்வு மூடும், மோட்டார் ஓடும். உங்கள் வீட்டில் தூக்கிப் போட்ட இயந்திரத்தில்கூட இதே சிறு குழாய் இருந்திருக்கும். அதன் முனையில் இருந்ததுதான் மாறியிருக்கிறது.

நேரம் பார்ப்பதற்கு டைமர். ஒரு தண்டில் வரிசையாகப் பல் சக்கரம் போன்ற தட்டுகள். அவற்றை மிக மெதுவாகச் சுழற்ற ஒரு குட்டி மோட்டார். தட்டின் மேடு வந்தால் ஒரு தொடுகை மூடும், பள்ளம் வந்தால் திறக்கும். பல இயந்திரங்களில் அந்தக் குட்டி மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு ஏற்பச் சுழல்வது. இதனால் தோட்டங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். ஜெனரேட்டர் தள்ளாடி 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 47-இல் ஓடினால் இயந்திரத்தின் கடிகாரமும் அதே அளவு சோம்பிவிடும். ஒரு மணி நேரச் சலவைக்கு நான்கு நிமிடம் அதிகம் பிடிக்கும். மின்சாரம் நின்றால் தட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். மறுநாள் மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவெல்லாம் ஊறிய துணி நாறும் என்பது வேறு கதை.

தண்ணீர்தான் உண்மையான சிக்கல். பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால்தான் குழாயில் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் தொட்டிகள் மூன்று மீட்டர்கூட இருக்காது. தானியங்கியின் வால்வு அந்த அழுத்தத்தில் தண்ணீரைச் சொட்டவிடுமே தவிர நிரப்பாது. பங்களா மேட்டில் உயரமான தனித் தொட்டி இருந்ததால்தான் அங்கே அது ஓடியது. கிராணி வீட்டார் இரட்டைத் தொட்டி வாங்கியதில் காசுக் கணக்கு மட்டுமல்ல, தண்ணீர்க் கணக்கும் இருந்தது. அதற்கு அழுத்தமே தேவையில்லை, வாளியில் மொண்டு ஊற்றினாலும் துவைக்கும்.

#6 பால்வாளி

நீங்கள் எல்லாரும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய்விட்டீர்கள். நான் குழாயடிப் பக்கம் நிற்கிறேன்.

என் அம்மாவும் அப்பாவும் பால் வெட்டியவர்கள். காலையில் இருட்டோடு பிரட்டுக்கு (பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு) போய், வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு அவர்கள் திரும்பும்போது உடுப்பில் பால் தெறித்திருக்கும். ரப்பர்ப் பாலின் குணம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஈரமாக இருக்கும்வரை தண்ணீரோடு போகும், காய்ந்துவிட்டால் நூலோடு நூலாக ஒட்டி, பிறகு கறுத்து, துணி கிழியும்வரை போகாது. ஆகவே அம்மா வந்ததும் சோறு ஆக்குவதற்கு முன்னால் குழாயடிக்குப் போவார். கல்லில் சவுக்காரக் கட்டியைத் தேய்த்து, அடித்து, காய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டுவார். சுரண்டிய பால் நூல் நூலாகச் சுருண்டு வரும். நாங்கள் அதை உருட்டிப் பந்து செய்வோம். வெளிக்காட்டு உடுப்புக்கு, அதாவது தோட்ட வேலைக்குப் போடும் துணிக்கு, தனி வாளி, பள்ளி உடுப்புக்குத் தனி வாளி. இரண்டும் கலந்தால் அடி விழும். பள்ளிச் சட்டைக்குக் கடைசி அலசலில் நீலம். இந்த வேலை நாள்தோறும், மழையிலும்.

பிற்பாடு 1988-இல் நாங்கள் தவணைக்கு ஓர் இரட்டைத் தொட்டி வாங்கியபோதும் வெளிக்காட்டு உடுப்பு அதற்குள் போகவே இல்லை. ஒரே ஒரு முறை நான் சோம்பல்பட்டுப் போட்டேன். காய்ந்த பால் துணுக்குகள் வடிகாலில் போய் அடைத்துக்கொண்டு, சமையலறை முழுக்கத் தண்ணீர். ஆக, இயந்திரம் வந்த பிறகும் அம்மாவின் கல் காயவில்லை. குறைந்தபட்சம் படுக்கை விரிப்புகளாவது இயந்திரத்துக்குள் போயின. அது பெரிய விடுதலைதான், மறுக்கவில்லை.

ஆறாம் லயம் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது துரை வீட்டு இயந்திரம். துரை வீட்டுத் துணிக்கு உரியது. அதற்குள் உங்கள் பள்ளிச் சட்டை எப்படிப் போனது?

#7 செம்பனைக்குலை

அக்கா சொல்லும் பால் கறை எங்களுக்கு இல்லை. நாங்கள் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைப் பக்கம். நம் ஊருக்கருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. பெயரைப் பாருங்கள், செம்பனையின் வரலாறே தமிழ்ப் பெயருள்ள ஒரு தோட்டத்தில் ஆரம்பிக்கிறது. அந்த மரத்திலிருந்து வந்த எண்ணெய்தான் உலகம் முழுக்கச் சவுக்காரமாகிறது. ஆனால் குலை வெட்டுகிறவரின் சட்டையில் பட்ட அதே எண்ணெய் எந்தச் சவுக்காரத்துக்கும் எளிதில் மசியாது. அதோடு முள். துணியில் குத்தி ஒடிந்த முள் நுனியை எந்த இயந்திரமும் எடுக்காது. கையால் தடவிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்பாவின் சட்டையை இயந்திரத்தில் போட்டு எடுத்த பிறகும் அம்மா ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் போடுவார்.

#8 கிராணி வீட்டுப் பிள்ளை

வயர்மேன் ஐயா சொன்ன பெயரை வைத்து அந்த இயந்திரத்தின் படங்களைத் தேடிப் பார்த்தேன். தகடு இருக்கிறது, பள்ளங்கள் இருக்கின்றன. ஆறாம் லயம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு உண்மையான தானியங்கி வந்தது 1990களின் நடுவில், அப்பா ஓய்வுபெற்றுப் பட்டணத்தில் தரைவீடு வாங்கிய பிறகு. யோசித்துப் பார்த்தால் 1990 என்பது ஒரு விசித்திரமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் பழைய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் ஆனது; தோட்டத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தின் பெயரோடு "அடிப்படை வசதிகளும்" சேர்ந்துகொண்டன; ஜப்பானில் மட்சுஷித்தா நிறுவனம், அதாவது நம் நேஷனல்காரர்கள், ஃபஸ்ஸி லாஜிக் சலவை இயந்திரத்தை விற்பனைக்கு விட்டார்கள். துணியின் அளவையும் அழுக்கையும் அதுவே பார்த்து, தண்ணீரையும் நேரத்தையும் அதுவே முடிவு செய்யும் என்றார்கள். கடையில் "ஃபஸ்ஸி" என்று ஒட்டியிருந்த ஒட்டுத்தாளை அம்மா கடைசிவரை உரிக்க விடவில்லை. வாங்கிய முதல் வாரம் நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பதுபோல அதைப் பார்த்தோம். நின்று நின்று யோசிப்பது போலிருக்கும். அதன் யோசனை முடியும்வரை அப்பா பேச விடமாட்டார்.

#9 ஆறாம் லயம்

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் வராது.

பால்வாளி அக்கா, உங்கள் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. நேற்று அம்மாவை நேரில் பார்த்துக் கேட்டேன். அம்மாவுக்கு இப்போது 84 வயது. காது சற்று மந்தம், நினைவு மந்தமில்லை. முதலில் "எந்தச் சட்டை?" என்றார். பிறகு சிரித்துவிட்டுச் சொன்னார்.

டிசம்பர் மழை. ஒரு வாரமாகத் துணி காயவில்லை. துரை குடும்பம் கேமரன் மலைக்குப் போயிருந்தது. பங்களாவைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் தோட்டக்காரரும் மட்டும் இருந்தார்கள். மறுநாள் நாங்கள் சின்னம்மா திருமணத்துக்குப் புறப்பட வேண்டும். எனக்கிருந்த ஒரே வெள்ளைச் சட்டை பள்ளிச் சட்டைதான். அம்மா அதைக் கொண்டுபோய் இயந்திரத்தில் போட்டிருக்கிறார். இவ்வளவு தண்ணீருக்கு ஒற்றைச் சட்டையா என்று தோன்றவே, அப்பாவின் வெளிக்காட்டுச் சட்டையையும் சேர்த்துப் போட்டுவிட்டார். பயத்தில் தகட்டையும் மாற்றிச் செருகியிருக்கிறார், படுக்கை விரிப்புகளுக்கு உரிய கொதிநீர் விளிம்பை. சூடு பட்டதும் அப்பா சட்டையில் காய்ந்திருந்த பால் இளகி, பசையாகி, என் சட்டை முதுகெல்லாம் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டதாம். தொட்டியின் துளைகளிலும் ஒட்டியிருந்தது. என் சட்டையை அவசரமாக எனக்கு மாட்டிவிட்டது, வெளியே கொடியில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதற்காக. எனக்கு அந்த இளஞ்சூடுதான் நினைவில் நின்றது. முதுகுப் பக்கத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

அன்று மாலைவரை அம்மா கொண்டை ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்திப் பால் எடுத்தார். துரைசானி திரும்பி வந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை.

வயர்மேன் ஐயாவுக்கு ஒரு தகவல். ஆங்கில எழுத்துப் படிக்கத் தெரியாததால், தகட்டின் இரண்டு விளிம்புகளில் துரைசானியின் நகப்பூச்சால் அம்மா அடையாளம் வைத்திருந்தார்: ஒரு சிவப்புப் புள்ளி வெள்ளைத் துணிக்கு, இரண்டு புள்ளிகள் வண்ணத் துணிக்கு. அன்று பதற்றத்தில் புள்ளி இல்லாத விளிம்பு உள்ளே போய்விட்டது என்பதைச் சட்டை வெளியே வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். அது கொதிநீர் விளிம்பு என்று அப்படித்தான் தெரியவந்ததாம். அதற்கு மூன்று புள்ளி வைத்தார். மற்ற ஐந்தும் எதற்கென்று கேட்டேன். "துரைசானிக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்" என்றார்.